சேலத்துப் பக்கம் இருந்துக்கிட்டு வெட்டினரி மைக்ரோபயாலஜி ப்ரொஃபசர் ஆகணும்னா என்ன பண்ணணும்

பிவிஎஸ்சி, அதான் கால்நடை டாக்டர் படிப்பு, ரெண்டாவது வருஷத்துல கிருமிகளப் பத்தின மைக்ரோபயாலஜி பேப்பர் வரும், பாக்டீரியாவுக்குச் சாயம் ஏத்தற கிராம் ஸ்டெயின் போட்டு மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சதும் கிளாஸுக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு "அட, இது நமக்கு செட் ஆகும் போலயே"ன்னு தோணும். அந்த ஒருத்தர் ரெண்டு பேருக்காகத்தான் இத எழுதறேன். மத்தவங்க சர்ஜரி, கைனகாலஜின்னு போயிடுவாங்க, போகட்டும், நாட்டுக்கு அவங்களும் வேணும்.

ஒண்ணே ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், மீதி எல்லாம் அத ஒட்டித்தான் வரும். ப்ளஸ் டூ மார்க்கு, என்ட்ரன்ஸ் ரேங்க்கு, ஆசிரியர் வேலைக்கான நெட் பரீட்சை இதெல்லாம் உள்ள விடறதுக்குத்தான். உள்ள போனப்புறம் உங்கள ப்ரொஃபசர் ஆக்கறது நீங்க கையில வச்சிருக்கற சேம்பிள்தான். உங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கற ஒரு நோயப் புடிச்சு, ஒழுங்கா சேம்பிள் எடுத்து, ஒழுங்கா எழுதி வச்சு, வருஷக்கணக்கா அத விடாம இருக்கறவங்க எப்படியும் மேல வந்துடறாங்க. அப்படிப் பாத்தா சேலம் மாதிரி ஒரு எடம் கிடைக்கறது கஷ்டம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

அட்மிஷன் சமாச்சாரம் சீக்கிரமா முடிச்சுடலாம். தமிழ்நாட்டுல பிவிஎஸ்சிக்கு ஸ்டேட் சீட்டுக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்க வச்சு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், அதான் டானுவாஸ், ரேங்க் லிஸ்ட் போடுவாங்க. 15 சதவீதம் ஆல் இண்டியா கோட்டாவுக்கு மட்டும் நீட் ஸ்கோர் வேணும். கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பசங்களுக்கு 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு இருக்கு, அத மறந்துடாதீங்க. நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். முன்னாடியெல்லாம் சேலத்துப் பசங்க மெட்ராஸ் வேப்பேரிக்கோ நாமக்கல்லுக்கோ போகணும், இப்போ தலைவாசல்லயே காலேஜ் வந்துடுச்சு, ஆத்தூர் தாண்டி உளுந்தூர்பேட்டை ரோட்டுல போனா பெரிய கேம்பஸ் ஒண்ணு தெரியும், அதுதான். சீட்டு எங்க கிடைச்சாலும் வாங்கிக்கோங்க, இதுல காலேஜ் பேரு அவ்வளவா முக்கியம் இல்ல.

இன்டர்ன்ஷிப் முடிச்சதும் வெட்டினரி கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. இங்கதான் வீட்டுல முதல் சண்டை வரும். டிஎன்பிஎஸ்சி எழுதி கால்நடை உதவி மருத்துவர் ஆயிட்டா ஊர்லயே மரியாதையான வேலை, சம்பளம் உடனே வரும், நீங்க என்னடான்னா இன்னும் அஞ்சாறு வருஷம் படிக்கப் போறேங்கறீங்க. "மாட்டு டாக்டருக்குப் படிச்சுட்டு மாட்டத் தொடாம கண்ணாடிக் குடுவையத் தொட்டுக்கிட்டு இருக்கான்"னு பெரியப்பா சொல்லத்தான் செய்வாரு. அவரு சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. வீட்டுல பணக்கஷ்டம்னா வேலைக்குப் போறதுல தப்பே இல்ல, வேலையில இருந்துக்கிட்டே பிஜி படிச்சவங்களும் நெறைய பேரு இருக்காங்க. ஆனா ஆசிரியர் வேலைதான்னு முடிவு பண்ணிட்டா நடுவுல ரொம்ப வருஷம் கேப் விடாதீங்க, லேப் கை போயிடும்.

எம்விஎஸ்சி, அதான் பிஜி படிப்பு, ரெண்டு வருஷம். டானுவாஸ் என்ட்ரன்ஸ் ஒரு வழி, ஐசிஏஆர், அதான் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலோட பிஜி என்ட்ரன்ஸ் இன்னொரு வழி. ரெண்டாவது வழியில ரேங்க் நல்லா வந்தா இசத்நகர்ல இருக்கற ஐவிஆர்ஐ, அதான் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், கிடைக்கலாம். 1889ல புனேல இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் லேபாரட்டரின்னு ஆரம்பிச்சது, அப்புறம் குமாவுன் மலையில முக்தேஷ்வருக்கு மாத்துனாங்க, இப்ப தலைமையிடம் பரேலி பக்கம் இசத்நகர். நம்ம ஆளுங்க ஹிந்தி தெரியாதேன்னு பயந்து அப்ளை பண்ணாமலே விட்டுடறாங்க. போங்க. குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கிட்டா போதும், ஹிந்தி ஆறு மாசத்துல தானா வந்துடும். ஆனா அங்க போனாலும் தீஸிஸ் டாபிக் பேசும்போது "எங்க ஊர்ல இந்தப் பிரச்சனை இருக்கு சார்"னு சொல்ற அளவுக்கு உங்க ஊர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

சரி, ஊருக்கு வருவோம். சேலத்துல உக்காந்துக்கிட்டு ஒரு மைக்ரோபயாலஜிஸ்ட் சுத்திப் பாத்தா என்ன இருக்கு? மேற்க மேச்சேரி பக்கம் செம்மறி ஆடு, மேச்சேரி ஆடுன்னே ஒரு இனம், அதுக்குன்னு பொட்டனேரில 1978லேந்து ஆராய்ச்சி நிலையம் நடக்குது. வெள்ளாட்டுல சேலம் கருப்பு, அதுவும் நம்ம இனந்தான். கெழக்க ஆத்தூர், தலைவாசல் பக்கம் கறவை மாடு, காலையில சொசைட்டிக்குப் போனா ஊர்ப் பால் மொத்தமும் ஒரே எடத்துல வந்து நிக்கும். தெக்க ஒரு மணி நேரம் போனா நாமக்கல், கோழியும் முட்டையும். மேல சேர்வராயன் மலை, ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்குள்ள காட்டெருமை வருது, அது மேயற எடத்துலயே கிராமத்து மாடும் மேயுது, ஆடும் மேயுது. காட்டு மிருகத்துக்கும் வீட்டு மிருகத்துக்கும் நடுவுல என்ன நோய் போகுது வருதுன்னு பாக்கறதுக்கு இதவிட நல்ல எடம் வேணுமா? காட்டெருமைகிட்ட சேம்பிள் எடுக்க வனத்துறை பர்மிஷன் இல்லாம கைய வைக்க முடியாதுங்கறது வேற விஷயம், ஆனா பக்கத்துல மேயற மாட்டோட சீரத்த, அதான் ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியற தெளிஞ்ச தண்ணிய, உரிமையாளர் சம்மதத்தோட எடுக்கலாம், அதுவே பாதி கதையச் சொல்லிடும்.

இதுல ஒண்ணத்தான் புடிக்கணும். எல்லாத்தையும் தொடாதீங்க. ஆட்டுல ஆட்டுக்கொல்லி நோய், நீலநாக்கு, துள்ளுமாரி. மாட்டுல மடிவீக்கம், கருச்சிதைவு நோய், கோமாரி. கோழியில வெள்ளைக் கழிச்சல். ஏதாவது ஒண்ணு. எம்விஎஸ்சில அதோட கிருமியப் பிரிச்சு எடுங்க, பிஎச்டில அதோட ஜீன் வரைக்கும் போங்க, வேலைக்கு வந்தப்புறம் அதுக்கு டெஸ்ட் கிட்டோ தடுப்பூசியோ யோசிங்க. பத்து வருஷம் கழிச்சு "அந்த நோயா, அவங்களக் கேளுங்க"ன்னு நாலு பேரு சொல்லணும், அவ்வளவுதான் வேணும்.

இது சும்மா வாய்ப்பேச்சு இல்ல, நம்ம மாநிலத்துலயே நடந்திருக்கு. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவுல முதல்ல கண்டுபிடிச்சதே 1987ல, விழுப்புரம் பக்கம் அரசூர்ங்கற கிராமத்துல. அங்க ஆடுங்ககிட்டேந்து எடுத்த வைரஸ் இன்னைக்கும் "அரசூர் 87"னு அந்த ஊர் பேரோடயே இருக்கு, அத வச்சு டானுவாஸ்ல தடுப்பூசியே பண்ணாங்க. யாரோ ஒருத்தரு அன்னைக்கு அந்த கிராமத்துக்குப் போயி, சேம்பிளக் கெடாம லேபுக்குக் கொண்டு வந்து, அது எந்த ஊரு எந்த வருஷம்னு எழுதி வச்சதாலதான் இதெல்லாம். அந்த நோய்க்கு அண்ணன் மாதிரி மாட்டுல வந்த ரிண்டர்பெஸ்ட், அதான் வெக்கை நோய், 2011லயே உலகத்துலேந்தே ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. அடுத்து ஆட்டுக்கொல்லியதான் 2030க்குள்ள ஒழிக்கணும்னு உலக அளவுல டார்கெட் வச்சிருக்காங்க. மேச்சேரி பக்கம் ஆடு வச்சிருக்கறவங்க வீட்டுப் புள்ள இந்த சப்ஜெக்ட எடுத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ சேம்பிள். நிதானமாப் படிங்க, ஏன்னா நல்ல மார்க் எடுத்த பசங்க கூட இங்கதான் சொதப்புவாங்க. லேபுக்கு வர்ற சேம்பிள்ல பாதி பெட்டியத் தொறக்கும்போதே செத்துப் போனதாத்தான் இருக்கும். கல்ச்சர் பண்ணணும், அதான் கிருமிய லேப்ல வளக்கணும்னு சொல்லி ஈரல் துண்ட ஃபார்மலின்ல போட்டு அனுப்புவாங்க, ஃபார்மலின்ல எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? ஃபார்மலின் பேத்தாலஜிக்கு, அதான் திசுவ வெட்டி மைக்ராஸ்கோப்ல பாக்கறதுக்கு. வைரஸுக்குன்னா பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்த பஃபர்ல போட்டு ஐஸ்ல வைக்கணும். பாக்டீரியா ஸ்வாப்னா ட்ரான்ஸ்போர்ட் மீடியத்துல குத்தி குளுமையா கொண்டு வரணும், ஃப்ரீசர்ல உறைய விடக்கூடாது.

ரத்தம் எடுத்தா அப்படியே டியூப்போட பைக்ல வச்சு ஏற்காட்டுலேந்து இருவது கொண்டை ஊசி வளைவு குலுக்கிக்கிட்டு அடிவாரம் எறங்குனா, கீழ வரும்போது சீரம் தக்காளி ரசம் கலர்ல இருக்கும், அத வச்சு ஆன்டிபாடி பாக்கற எலைசா டெஸ்ட் போட்டா ரிசல்ட்ட நம்ப முடியாது. மேலயே நெழல்ல சாய்ச்சு வச்சு நல்லா உறைய விட்டு, சீரத்தப் பிரிச்சு சின்ன வயல்ல மாத்திட்டு, அப்புறம் எறங்குங்க. கையில சுத்தற சின்ன செண்ட்ரிஃப்யூஜ் இருந்தா இன்னும் நல்லது. ஒரு தடவ எடுத்த சீரத்த மட்டும் வச்சு இந்த நோய்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டு மூணு வாரம் கழிச்சு அதே மாட்டுகிட்ட மறுபடி எடுக்கணும், ஆன்டிபாடி நாலு மடங்கு ஏறியிருந்தாதான் இப்போ வந்த நோய்னு சொல்லலாம். மறுபடி ரத்தம் எடுக்க மாட்டுக்காரரு விடணும்னா முதல் தடவையே அவருகிட்ட மரியாதையா நடந்துக்கிட்டு, ரிசல்ட்டயும் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். அவங்க மாடு எதனால செத்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? தீஸிஸ் முடிஞ்சதும் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காத ஆளுங்கள ஊர்க்காரங்க நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க, அடுத்து போற உங்களுக்குத்தான் கேட்டு மூடும்.

ஆட்டுக்கொல்லினா மூக்கு, கண்ணு ஸ்வாப் காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் சில நாள்லயே எடுங்க, கழிச்சல் எல்லாம் நின்னப்புறம் போயி ஸ்வாப் எடுத்து பிசிஆர் நெகட்டிவ்னு உக்காந்திருக்காதீங்க. மடிவீக்கத்துக்குப் பால் எடுத்தா காம்ப 70 சதவீத ஆல்கஹால்ல தொடச்சு, முதல் பீச்ச கீழ விட்டுட்டு அடுத்தத ஸ்டெரைல் டியூப்ல புடிக்கணும், இல்லன்னா சாணியில இருக்கறதெல்லாம் ப்ளேட்ல மொளைச்சு அத வச்சு பேப்பர் எழுதிடுவீங்க. மாடு திடீர்னு செத்து மூக்கு, வாய், ஆசன வாய்ல கருப்பா உறையாத ரத்தம் வடிஞ்சா அடைப்பானா, அதான் ஆந்த்ராக்ஸா இருக்கலாம், கத்திய எடுக்கவே எடுக்காதீங்க. உள்ள இருக்கற கிருமிக்குக் காத்து பட்டா கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி ஸ்போரா மாறி மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும். காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம், ஒரு ஸ்மியர், பாலிகுரோம் மெத்திலீன் ப்ளூ ஸ்டெயின், நீலக் குச்சியச் சுத்தி இளஞ்சிவப்பா ஒறை தெரிஞ்சா முடிஞ்சது. கையோட மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குச் சொல்லிடுங்க.

உங்க உடம்பும் முக்கியம். வெறிநோய்த் தடுப்பூசி கடிக்கு முன்னாடியே போட்டுக்கோங்க, காலேஜ் ஏற்பாடு பண்ணாட்டியும் நீங்களே போயி போட்டுக்கோங்க. கருச்சிதைவு நோய்க் கிருமி ப்ரூசெல்லா ஆளுங்களுக்கும் வரும், வந்தா மாசக்கணக்குல காய்ச்சலும் மூட்டு வலியும், அதோட தடுப்பூசி ஸ்ட்ரெயின் எஸ் 19 கூட கையில குத்திக்கிட்டா நோய் வரும். நஞ்சுக்கொடிய வெறுங்கையால எடுக்கறதெல்லாம் வீரம் கிடையாதுங்க. சந்தேகமான கல்ச்சர பயோசேஃப்டி கேபினட்டுக்கு வெளிய தொறக்காதீங்க.

கிருமியப் பிரிச்சு எடுத்தாச்சா, உடனே கிளிசரால் போட்டு மைனஸ் 80ல வைங்க, ரெண்டு பெட்டியில வைங்க, ஏன்னா கரண்ட் போகும், ஜெனரேட்டர்ல டீசல் இருக்காது, ஃப்ரீசர் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் நம்பர், ஊரு, தேதி, எந்த மிருகம், என்ன வயசு, தடுப்பூசி போட்டிருந்தாங்களா, என்ன மருந்து குடுத்தாங்க, எல்லாம் ஒரு நோட்டுல. எக்செல்ல மட்டும் போடாதீங்க, பேப்பர் நோட்டும் வேணும். நீங்க வேற காலேஜுக்கு மாறுனாலும் டிபார்ட்மெண்ட்ல அந்தக் கலெக்ஷன் இருக்கும், உங்களுக்கு அப்புறம் வர்ற பசங்க அதுலேந்து பேப்பர் போடுவாங்க, உங்க பேரும் அதுல வரும்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு இப்போ சூடான சப்ஜெக்ட். கோழித் தீவனத்துல கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக்கக் கலந்துக்கிட்டு இருந்தாங்க, உணவுக்கு வளக்கற மிருகங்கள்ல அத 2019ல தடை பண்ணியாச்சு. அதுக்கு முன்னாடி எடுத்த ஈகோலை பாக்டீரியா உங்க டிபார்ட்மெண்ட் ஃப்ரீசர்ல இருந்தா, இப்போ நாமக்கல்ல எடுக்கறதோட வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம். பழைய சேம்பிள் இல்லாதவங்க என்ன காசு குடுத்தாலும் அந்த வேலையச் செய்ய முடியாது பாருங்க.

பிஎச்டி பத்தி ரொம்ப இல்ல. காகிதத்துல மூணு வருஷம், நெஜத்துல நாலு அஞ்சுன்னு ஆகும். காலேஜ் பேரப் பாக்காம கைடப் பாத்து சேருங்க. அவங்ககிட்ட முன்னாடி படிச்சவங்க எத்தன வருஷத்துல முடிச்சாங்க, பேப்பர்ல முதல் பேரு யாரோடது வருதுன்னு ரெண்டு சீனியர்கிட்ட டீ வாங்கிக் குடுத்து விசாரிச்சுக்கோங்க. பெங்களூரு நிவேதி, போபால் நிஷாத்னு இருக்கற கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையங்கள், ராணிப்பேட்டை தடுப்பூசி நிலையம் மாதிரி எடத்துல ஒரு மாசம் ட்ரெயினிங் போற வாய்ப்பு வந்தா விடாதீங்க.

ஏஎஸ்ஆர்பி, அதான் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தற நெட்டுல வெட்டினரி மைக்ரோபயாலஜின்னு தனி டிசிப்ளின் இருக்கு, எம்விஎஸ்சி முடிச்ச சூட்டோட எழுதிடுங்க. பிஎச்டி இருந்தா பல எடத்துல நெட் வேணாம்னு சொல்லுவாங்க, ஆனா வச்சிருந்தா இன்டர்வியூல ஒரு தைரியம். நோட்டிஃபிகேஷன்ல என்ன கேக்கறாங்களோ அதுதான் கடைசி, யாரு சொன்னதையும் நம்பாம அத முழுசாப் படிங்க.

வேலை கிடைச்சா முதல்ல அசிஸ்டெண்ட் ப்ரொஃபசர். யூஜிசி ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்குல லெவல் 10, அடிப்படைச் சம்பளம் 57,700லேந்து ஆரம்பிக்கும், படி எல்லாம் தனி. அடுத்த லெவலுக்குப் போக பிஎச்டி இருந்தா 4 வருஷம், எம்விஎஸ்சி மட்டும்னா 5. அதுக்கப்புறம் ஒரு 5 வருஷம், அப்புறம் 3 வருஷத்துல அசோசியேட், லெவல் 13ஏ, 1,31,400. அதுக்கு மேல இன்னொரு 3 வருஷம் போனா ப்ரொஃபசர், லெவல் 14, 1,44,200. எல்லாம் கரெக்டா நடந்தா 15 வருஷம், ஆனா கமிட்டி கூடறதுக்கே ஒரு வருஷம் ஆகுற எடமும் உண்டு, அதனால வட்டிக் கணக்கு மாதிரி போட்டு வச்சுக்கிட்டு மனச ஒடச்சுக்காதீங்க. ஒவ்வொரு யூனிவர்சிட்டியும் இத கொஞ்சம் மாத்தி வச்சிருக்கும். பதவி உயர்வுக்கு ஃபைல் குடுக்கும்போது எடுத்த கிளாஸ், நடத்துன ட்ரெயினிங், கைட் பண்ண பசங்க, எல்லாத்துக்கும் ஆர்டர் காப்பி கேப்பாங்க, அத அன்னன்னைக்கே ஃபைல்ல போட்டு வைங்க, பதினஞ்சு வருஷம் கழிச்சு தேடுனா கிடைக்காது.

பேப்பர் எந்த ஜர்னல்ல போடறதுன்னா, நம்ம பக்கம் தேசிய வேளாண் அறிவியல் அகாடமி ஜர்னலுக்குப் போடற நாஸ் ரேட்டிங்னு ஒரு மார்க் இருக்கு, அக்ரி, வெட்டினரி யூனிவர்சிட்டிங்க அதத்தான் பாப்பாங்க. பணம் குடுத்தா ஒரு வாரத்துல போட்டுத் தர்றேன்னு மெயில் வரும், அதத் தொடாதீங்க. மெட்ராஸ்லேந்து 1924லேந்து வர்ற இண்டியன் வெட்டினரி ஜர்னல் மாதிரி எடத்துல ஊர்ல வந்த நோய்ப் பரவல் பத்தி சின்னதா கேஸ் ரிப்போர்ட் போட்டு எழுதப் பழகுங்க. ப்ராஜெக்டுக்குப் பணம் தர மத்திய பயோடெக்னாலஜி துறை, அதான் டிபிடி, ஐசிஏஆர்லாம் உண்டு, முதல் தடவையே கோடிக்கணக்குல கேக்காம சின்னத் தொகைக்கு எழுதுங்க, எங்க ஊர் சேம்பிள் இவ்வளவு கையில இருக்குன்னு காட்டுனா மதிப்பே வேற. பயோசேஃப்டி கமிட்டி, மிருக எதிக்ஸ் கமிட்டி பர்மிஷன் ரெண்டும் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாங்கணும், முடிச்சப்புறம் வாங்கற வித்தையெல்லாம் வேணாம்.

கிளாஸ் எடுக்கறத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. இன்டர்வியூல டெமோ கிளாஸ் கேட்டா ஸ்லைடுல நாப்பது பாக்டீரியா பேரு போடாதீங்க, வைரஸ் சிவப்பணுவ ஒட்ட வைக்குதான்னு பாக்கற எச்ஏ டெஸ்ட் ஒண்ண எடுத்துக்கோங்க. கோழி ரத்தச் சிவப்பணு, ஒரு ப்ளேட்டு, வெள்ளைக் கழிச்சல் வைரஸு. வைரஸ் இருந்தா சிவப்பணு விரிப்பு மாதிரி பரவி நிக்கும், இல்லன்னா அடியில பொட்டு மாதிரி உக்காந்துடும். போர்டுல ரெண்டே படம் போட்டு இத வெளக்கிட்டு, அப்புறம் ஆன்டிபாடி சேத்தா ஏன் மறுபடி பொட்டு வருதுன்னு எதிர்ல உக்காந்திருக்கற எக்ஸ்பர்ட்டயே கேளுங்க, சிரிச்சுட்டு பதில் சொல்லுவாங்க.

இப்போ தலைவாசல்லயோ நாமக்கல்லயோ ரெண்டாவது வருஷம் படிச்சுக்கிட்டு இருக்கறவங்க செய்யக்கூடியது, மைக்ரோபயாலஜி டிபார்ட்மெண்ட்ல போயி சனிக்கிழமை மத்தியானம் பிஜி பசங்ககூட நின்னு மீடியா ஊத்தவும் ஆட்டோகிளேவ் போடவும் பர்மிஷன் கேளுங்க. 121 டிகிரி, 15 பவுண்டு ப்ரெஷர், 15 நிமிஷம். முதல் ஒரு மாசம் ப்ளேட் கழுவத்தான் விடுவாங்க, கழுவுங்க. அதுக்கு நடுவுல ஒரு சந்தை நாள் பாத்து மேச்சேரி சந்தைக்குப் போயி ஆட்டுக்காரங்ககிட்ட இந்த வருஷம் எந்த மாசம் எந்த நோய்ல ஆடு செத்துச்சுன்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்தீங்கன்னா, தீஸிஸ் டாபிக் பேசற அன்னைக்கு கைடு முன்னாடி வைக்கறதுக்கு ஒரு பக்கம் ரெடியா இருக்கும்.